வினைத்திறன் என்ற சொல்லுக்கு என்ன குறை?

கிளிநொச்சியில் சிறுதொழில்காரருக்கு ஒரு செயலமர்வு. எனக்குப் பக்கத்தில் பரந்தன் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணை ஒருவர். தந்த படிவத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் வணிகத்தின் தற்போதைய செயல்பாட்டுத் திறன் யாது?’ அண்ணை பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“தம்பி, என்ர மில் மணித்தியாலத்துக்கு ஒரு தொன் அடிக்கும். அதை எழுதட்டோ?”

அவரில் ஒரு பிழையும் இல்லை. செயல்படும் திறன் எவ்வளவு என்று கேட்டால் எவரும் அதைத்தான் சொல்வார். கேட்டவர்கள் அறிய விரும்பியது வேறு. போடுகிற நெல்லுக்கும் எரிக்கிற டீசலுக்கும் கொடுக்கிற கூலிக்கும் என்ன தேறுகிறது, எங்கே வீண் போகிறது என்பதுதான் கேள்வி. மூலத்தில் ‘ஒப்பரேஷனல் எஃபிஷியன்சி’ என்று இருந்திருக்கும். அதற்கு எங்களிடம் ‘வினைத்திறன்’ என்ற சொல் இருக்க, கடன் விளம்பரத் துண்டிலும் பயிற்சிக் கையேட்டிலும் இதே ‘செயல்பாட்டுத் திறனை’ப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னது. இலத்தீனில் ‘செய்து முடித்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து எஃபிஷியன்சி, எஃபெக்டிவ் இரண்டுமே பிறந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவி எந்திரக்காரர் கையில் முதலாவது சொல் ஒரு விகிதமாயிற்று: கொடுத்த சக்தியில் பயனுள்ள வேலையாக வந்தது எவ்வளவு? 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஃபிரெடெரிக் டெய்லர் போன்ற அமெரிக்கர்கள் அந்தக் கணக்கைத் தொழிற்சாலை ஆட்களின் கைகால் அசைவுவரை கொண்டுபோனார்கள். சரி, அவ்வளவுதான். அந்த விகிதத்தை எடுத்துவிட்டால் சொல்லில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இலங்கையில் வணிகக்கல்வி படித்த எவருக்கும் இதற்கான தமிழ் மனப்பாடம்: வினைத்திறன். அதன் இரட்டை விளைதிறன், அதாவது எஃபெக்டிவ்னெஸ். வளத்தை வீணாக்காமல் செய்வது வினைத்திறன், நினைத்த பயனை அடைவது விளைதிறன். யுத்தத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலத்து ஜாம் போத்தல் விளக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு மண்ணெண்ணெய்யை எவ்வளவு நேரம் இழுக்கலாமோ அவ்வளவு நேரம் இழுக்கும். அது வினைத்திறன். அந்த வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாமல் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டால் விளைதிறன் இல்லை. இந்த வேறுபாட்டை இரண்டே எழுத்து மாற்றத்தில் காட்டுகிற சோடியை எந்த மொழிபெயர்ப்பாளனும் கையெடுத்துக் கும்பிடவேண்டும். நாங்களோ அதைத் தூக்கிப் போடுகிறோம்.

‘செயல்திறன்’ என்றாலே போதாதா, தமிழ்நாட்டில் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்று கேட்கிறார்கள். எழுதட்டும். ஆனால் அந்தச் சொல்லை அங்கே எதெதற்கு எடுக்கிறார்கள் என்று பாருங்கள். விளையாட்டு வீரர் நன்றாக ஆடினாலும் செயல்திறன், கணினி வேகமாக ஓடினாலும் செயல்திறன், மோட்டார் குறைந்த மின்சாரம் இழுத்தாலும் செயல்திறன். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டியாயிற்று. இங்கே திணைக்களங்கள் வருடா வருடம் வெளியிடுவது ‘செயலாற்றுகை அறிக்கை’. செயலாற்றுகை வேறு, வினைத்திறன் வேறு, உற்பத்தித்திறன் வேறு என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். இருக்கிற மூன்று சொல்லை விட்டு ஒன்றைக் கடன் வாங்குவது என்ன கணக்கு?

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுப் பௌதிகப் புத்தகத்தில் ‘திறன்’ என்றால் பவர். எங்களுக்கு அது ‘வலு’. மின்வலு என்றுதான் படித்தோம். அங்கே திறன் என்ற சொல் ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பதால், எஃபிஷியன்சிக்குப் ‘பயனுறுதிறன்’ என்று தேடிப் போகவேண்டி வந்தது. நல்ல சொல்தான், குறை சொல்லமாட்டேன். எங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. இல்லாத வருத்தத்துக்கு எதற்கு மருந்து?

அண்ணையின் ஆலைக்கே வருவோம். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமியாகப் போகும். நல்ல ரப்பர் ரோலர் மெசின் தவிடு போக 65 கிலோவுக்குக் கிட்ட அரிசி தரும். பழைய இரும்பு ஹலர் 55ஐத் தாண்டத் திணறும், குறுநொய்யும் கூட. இரண்டும் மணித்தியாலத்துக்கு ஒரே அளவு நெல்லை அடிக்கலாம். அப்போது ‘செயல்பாட்டுத் திறன்’ இரண்டுக்கும் ஒன்றுதான். முதலாளியின் பெட்டியில் விழும் காசு ஒன்றா?

வினை என்பதும் வெறும் ‘செயல்’ இல்லை. எடுத்து முடிக்கவேண்டிய காரியம் என்ற கனம் அதில் உண்டு. வினைத்திட்பம், வினைத்தூய்மை என்று குறள் அதிகாரம் வகுத்ததும் அந்தக் கனத்தில்தான். ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்ற குறளில் செலவு, வரவு, மிச்சம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. டெய்லர் பிறகுதான் வந்தார்.

எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். ‘செயற்பாட்டு வினைத்திறன்’ என்று எழுதுகிறவர்கள் செயலையும் வினையையும் அடுக்கி ஒரே சட்டையை இரண்டு தரம் போடுகிறார்கள். சாதாரணமாக வினைத்திறன் மட்டுமே போதும். நிதி, சந்தைப்படுத்தல் என்று பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் ‘தொழிற்பாட்டு வினைத்திறன்’ என்று எழுதலாம். அப்புறம் அந்த ‘த்’தை விழுங்கி ‘வினைதிறன்’ என்று பலகை எழுதுவதையும் விடுங்கள். ‘தேறுது’ என்று ஊரில் சொல்கிறோமே, அதிலிருந்தே சொல் எடுத்தால் என்ன என்று எனக்கும் ஓர் ஆசை இருந்தது. ஆனால் சங்க இலக்கியத்தில் தேறல் என்றால் தெளிந்த கள். கள்ளுத் தவறணை இருக்கிற ஊரில் ‘உங்கள் தேறலைக் கூட்டுங்கள்’ என்று செயலமர்வு வைத்தால் கூட்டம் வரும், வேறு கூட்டம்.

இதையெல்லாம் செயலமர்வை நடத்திய வளவாளரிடம் தேநீர் இடைவேளையில் சொன்னேன். “கணினியில போட்டு மொழிபெயர்த்து எடுத்தது சேர், நேரம் இல்லை” என்றார். நேரத்தை மிச்சம் பிடித்ததில் அவர் வினைத்திறனானவர்தான்.

அண்ணையின் படிவத்தில் அந்தக் கேள்வியை வெட்டி, மேலே எழுதிக் கொடுத்தேன்: ‘100 கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி தேறுகிறது?’ உடனே 64 என்று எழுதினார். பிறகு அதை அடித்து 61 என்று போட்டார்.

“காலபோக நெல்லு ஈரம் தம்பி. சரியாக் காய விடேல்லை.”