டபுள் பாஸ் எப்படி உறுமுகிறது?

கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “காட்டை வைத்து மூன்று பேர் சேர்ந்து போட்ட ஒரு ஃப்ரீ ஜாஸ் ஆல்பம் கேட்டேன். சாக்ஸபோன், டபுள் பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். நடுவில் ஏதோ மிருகம் உறுமுகிறது. கம்ப்யூட்டர் வேலையா?”

கம்ப்யூட்டரே வேண்டாம். டபுள் பாஸ் என்பது வயலின் போன்ற, ஆளுயரக் கம்பிக் கருவி. அதை வாசிப்பவர் வில்லை அழுத்தித் தேய்த்தால் போதும். ஃப்ரீ ஜாஸில் முன்கூட்டியே வகுத்த ஸ்வர வரிசையோ கட்டாயத் தாளமோ கிடையாது. ஒருவரை ஒருவர் கேட்டு அப்போதே வாசிப்பார்கள். எந்தச் சத்தத்துக்கும் இடம் உண்டு.

வில்லில் இருப்பது பிசின் தடவிய குதிரை முடி. நிற்கும் பொருளுக்கு உராய்வு அதிகம், வழுக்கும்போது குறைவு என்று பள்ளியில் படித்திருப்போம். முடி கம்பியைப் பிடித்து இழுக்கும், கம்பி வழுக்கித் திரும்பும், மறுபடி பிடிபடும். பாஸின் ‘ஏ’ கம்பியில் இது நொடிக்கு 55 முறை நடக்கிறது.

சரி, எப்போது வழுக்குவது என்று கம்பிக்கு யார் சொல்வது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணுக்குக் கம்பி வளைந்து ஆடுவதாகத் தெரியும். உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்கோடுகள். அவை சேருமிடத்தில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு கம்பியின் இரு கோடிகளுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. வில்லைத் தாண்டிப் போகும்போது கம்பியை விடுவிக்கிறது. கம்பியைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜில் மோதித் திரும்பும்போது மறுபடி வில்லிடம் ஒப்படைக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு சொன்னவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். அளவுக்கு மீறி அழுத்தினால், மடிப்பு வந்து தட்டினாலும் வில் விடாது. விடுபடும் நேரம் கண்டபடி தள்ளிப்போய், சுருதி கலைந்து, கரகரவென்று உறுமும்.

நம்ம பக்கத்து நோம்பிகளில் உறுமி கேட்டவர்களுக்கு இது பழகிய குரல். ஒரு பக்கத் தோலில் அடி, மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அங்கேயும் இதே பிடித்து வழுக்கும் உராய்வுதான். உறுமித் தோலுக்குள் ஏதோ சக்தி இருப்பதாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. குச்சியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அந்தக் கலைஞரின் கைக்குத் தெரிந்திருக்கிறதே, பெருமையெல்லாம் அதற்குத்தான் சேர வேண்டும்.

சர் சி.வி. ராமன் 1918இல் வில் தேய்க்கும் கம்பிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அப்புறம் வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றையே அமைத்து, வில்லின் அழுத்தத்தை அளந்தார். மிருதங்கத்தையும் ஆராய்ந்தார். உறுமிக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும். கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைக்கு அதிவேகக் கேமரா வாங்க நிதி கொடுங்கள். உறுமிக் கலைஞரையும் ஊதியம் கொடுத்து ஆய்வில் சேருங்கள்.