உண்ணிப்பூ நிறம் மாறுவது ஏன், வெட்டினாலும் துளிர்ப்பது எப்படி

சீமைக்கருவேலம் என்றால் மதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் திட்டுவார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஆனால் அழகர்மலைப் பக்கமும் ஊருணிக் கரைகளிலும் புதராக மண்டும் உண்ணிச்செடியை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பூ அழகு, பட்டாம்பூச்சி வேறு வருகிறது. போதாக்குறைக்கு, சின்ன வயதில் அதன் கறுத்த பழத்தைப் பறித்துத் தின்ற பாசம்.

ஒரு கொத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு ரூபாய் காசளவு இடத்தில் இருபது, முப்பது குட்டிப் பூக்கள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு, சிவப்பு அல்லது ரோஸ். ஓரத்தில் இருப்பவை முந்திப் பூத்தவை. புதிதாக விரிந்த மஞ்சள் பூவில்தான் தேன் இருக்கும். மகரந்தச் சேர்க்கை நடந்ததும் இதழில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உருவாகத் தொடங்குகிறது. மஞ்சளோடு சேர்ந்து ஆரஞ்சாகி, பிறகு சிவக்கிறது. பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் மஞ்சளில்தான் உறிஞ்சுகுழலை நுழைக்கும். அப்புறம் தேனில்லாத பூவை ஏன் உதிர்க்காமல் வைத்திருக்கிறது? கொத்து பெரிதாக இருந்தால் தூரத்திலேயே கண்ணில் படும். பழைய பூ கடை போர்டு, புதுப் பூதான் சரக்கு.

இப்படிக் காய்த்ததைக் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, உட்காரும் இடமெல்லாம் விதைக்கின்றன. இலையிலோ லான்டாடீன் என்ற நஞ்சு. அதிகம் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும். ஆடுமாடுகள் சுற்றியுள்ள புல்லை மேய்ந்து இதை விட்டுவிடுவதால், போட்டிக்கு ஆளில்லாமல் செடி பரவுகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி இது. 1809ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள்.

ஒழிப்பதாக நினைத்து நாம் செய்வது பெரும்பாலும் அதற்கே உதவி. அருவாளால் முழங்கால் உயரத்தில் வெட்டினால், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் விழித்து, ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அதே கதை. ஜேசிபி விட்டு மண்ணைப் புரட்டினால், புதைந்து கிடந்த விதைகளும் வெளிச்சம் கண்டு முளைக்கும்.

டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு பரப்பிய முறை சுலபமானது. ஒருவர் கம்பால் புதரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். துளிர்க்கும் பகுதி முழுதும் செடியோடு வந்துவிடும். அதைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். தண்டு மண்ணில் பட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பழுக்கும் முன்பே செய்வது நல்லது. அடுத்த மழைக்கு முளைப்பவற்றைக் கையாலேயே பிடுங்கலாம். அந்த வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்! இதெல்லாம் குடியிருப்புப் பூங்காவுக்கும் ஊர்ப் பொது இடத்துக்கும்தான். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

வெட்டிய இடத்தைச் சும்மா விடக் கூடாது. விராலி, ஆவாரை வைக்கலாம். இரண்டுமே நம் வறண்ட மண்ணுக்கு ஏற்றவை. பட்டாம்பூச்சி போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: உண்ணிச்செடி தேன் மட்டும்தான் தருகிறது. ஆவாரை இலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சிப் புழுக்களே இருக்கின்றன.