பிள்ளை மறுப்பதற்கு முன் பள்ளி கேட்க வேண்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சென்னை தம்புச்செட்டித் தெருவில் இருக்கும் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிற பெற்றோர் சிலர் ஒரே மாதிரி சந்தேகத்தோடு வருவார்கள். "மேடம், காலையில ஜெபத்துல எங்க பொண்ணும் கை கூப்பி நிக்கணுமாம். வேணாம்னு சொன்னா டிசி குடுத்துடுவாங்களா?" என்று மண்ணடிக்காரர் கேட்பார். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் அம்மா, மகன் விபூதி பூசிக்கொண்டு போனதற்கு வாசலிலேயே அழிக்கச் சொன்னதாகச் சொல்வார். வேறொருவர், பிள்ளை படிக்கும் மாநகராட்சிப் பள்ளியில் பூஜை நடந்ததையும், தங்கள் வீட்டில் அந்த வழக்கமே இல்லை என்பதையும் தயங்கித் தயங்கிச் சொல்வார். எல்லாருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான். கேள்வி கேட்டால் பிள்ளையைத் தனியாகப் பார்ப்பார்களோ என்ற பயம்.

இவர்கள் கேட்பதில் பெரும்பகுதிக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவிலேயே பதில் இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி இரண்டும் இதில் வரும். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் சமய போதனை இருக்கலாம், வழிபாடு இருக்கலாம். ஆனால் மாணவரின் சம்மதம் இல்லாமல் அவரை அதில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது. மாணவர் மைனர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

இதைப் பல பள்ளிகள் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றன. "நாங்க யாரையும் வற்புறுத்தலையே, வேண்டாம்னா சொல்லலாமே" என்கிறார்கள். சட்டம் சொல்வது அதுவல்ல. முதலில் சம்மதம், அதற்குப் பிறகுதான் வழிபாடு. அதாவது கேட்க வேண்டிய பொறுப்பு பள்ளியுடையது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கண் மூடி நிற்கும் அசெம்பிளியில் எட்டு வயதுப் பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவள் திரும்பிப் பார்ப்பாள், மிஸ் பார்ப்பார், இடைவேளையில் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது என்பதற்காகத்தான் சம்மதம் என்ற சொல் சட்டத்தில் இருப்பதாக நான் நம்புகிறேன். சேர்க்கைப் படிவத்தின் கடைசியில் "பள்ளியின் எல்லா விதிகளுக்கும் கட்டுப்படுகிறேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டு அதையே சம்மதம் என்று காட்டுவதையும் நான் ஏற்பதில்லை. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதுதானே சம்மதம்?

சிறுபான்மையினருக்குச் சொந்தமாகக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை 30-வது பிரிவு தருகிறது. அந்த உரிமை பெரிது. ராயபுரத்திலும் பிராட்வேயிலும் கிறித்தவப் பள்ளிகள் இல்லாவிட்டால் படிப்பு வாசனையே தெரியாமல் போயிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் ஜெபம் சொல்லக் கூடாது என்று யாராவது வழக்குப் போட வந்தால் நான் எடுக்க மாட்டேன். அதே நேரம் 30-வது பிரிவைக் காட்டி 28-ஐத் தள்ளி வைக்க முடியாது. இதைக் கடைப்பிடிப்பதும் கஷ்டமில்லை. பல கத்தோலிக்கப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு நடக்கிறது. யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. காலை வழிபாட்டுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு செய்ய ஒரு சுற்றறிக்கை போதும்.

இந்த விவாதம் இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. 1846-ல் சென்னை ஆளுநராக இருந்த ட்வீட்டேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று முன்மொழிந்தார். ஜார்ஜ் டவுனின் வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவரோடு நின்றவர்களும் அதை எதிர்த்தார்கள். லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களும் அதை ஏற்கவில்லை. 1854-ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை, அரசுப் பள்ளிகள் சமயச் சார்பில்லாமல் நடக்க வேண்டும் என்றும், மிஷன் பள்ளியானாலும் நல்ல பொதுக்கல்வி தந்தால் உதவித்தொகை உண்டு என்றும் சொன்னது. இன்று நாம் அரசு உதவி பெறும் பள்ளி என்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

சரி, அரசுப் பள்ளிக்கு வருவோம். அங்கே சமய போதனை என்ற பெயரில் எதுவும் வராது. தன்னம்பிக்கைச் சொற்பொழிவு என்று வரும். 2024-ல் அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் அப்படித்தான் நடந்தது. பேச வந்தவர், மாற்றுத்திறனோடும் வறுமையோடும் பிறப்பது போன பிறவியின் பாவம் என்ற பொருளில் மாணவிகளிடம் பேசினார். பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். அந்த ஆசிரியர் கேட்காமல் இருந்திருந்தால் அது இன்னொரு நல்ல நிகழ்ச்சியாகக் கணக்கில் சேர்ந்திருக்கும். வடசென்னைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: வெளியாள் யார் பேச வந்தாலும், யார் அனுமதித்தார்கள், என்ன பேசப் போகிறார் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதற்குத்தான் அந்தக் குழு இருக்கிறது.

மதத்தைப் பற்றிய பாடம் வேறு, மத போதனை வேறு. தமிழ்ப் புத்தகத்தில் தேவாரம் வரும், சீறாப்புராணம் வரும், தேம்பாவணி வரும். அவை இலக்கியம். மதங்களைப் பற்றிக் கற்பிப்பது 28-வது பிரிவுக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2002-ல் அருணா ராய் வழக்கில் சொல்லியிருக்கிறது. செய்யுளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள் என்று புகார் எழுதித் தரக் கேட்டு வருபவர்களை நான் பேசித் திருப்பி அனுப்பிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்று தெரியாமல் வண்ணாரப்பேட்டையில் ஒரு பிள்ளை வளர்வது நல்லதே அல்ல.

அப்புறம், வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்திலிருந்து வருபவர்களிடம் வேறொரு தயக்கத்தைப் பார்க்கிறேன். 1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்த்து, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதியைத் தருகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம் பள்ளியில் மதத்தைப் பற்றி வாயைத் திறக்கவே அஞ்சுகிறது. பிள்ளையின் சான்றிதழுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலை. இந்த ஆணை நியாயமற்றது என்பது என் கருத்து. ஆனால் அது மாறும் வரை பள்ளிகள் ஒன்று செய்யலாம். சம்மதப் படிவத்தில் மதம் என்ன என்று கேட்கவே வேண்டாம். "காலை வழிபாட்டில் என் மகள் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். காரணம் கேட்கும் உரிமை பள்ளிக்கு இல்லை. மாற்றுச் சான்றிதழில்கூட, பெற்றோர் விரும்பினால் சாதி, மத விவரத்தைக் குறிப்பிடாமல் விடலாம் என்று தமிழக அரசு 1973-லும் 2000-லும் ஆணை போட்டிருக்கிறது. ஆனால் இட ஒதுக்கீடு வேண்டியவர்கள் சாதிச் சான்றிதழ் பற்றி விசாரிக்காமல் அவசரப்பட்டு அப்படிச் செய்ய வேண்டாம்.

வழிபாட்டில் சேராத பிள்ளை மரியாதைக் குறைவாக நடந்துகொள்கிறது என்பார்கள். 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. தேசிய கீதத்துக்கே அமைதியாக நிற்பது போதும் என்றால் ஜெபத்துக்கும் பூஜைக்கும் அதைவிட அதிகமாக எதைக் கேட்க முடியும்?

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள், குரலை உயர்த்தாமல். பிறகு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, 28-வது பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்புகையோடு கொடுங்கள். வழிபாட்டு நேரத்தில் பிள்ளை நூலகத்தில் இருக்கலாமா, வகுப்பில் படிக்கலாமா என்பதையும் அதிலேயே கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அதே கடிதத்தின் நகலோடு மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம். டிசி தருவோம் என்று மிரட்டினால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தந்தால் அந்தத் தாளோடு ஒரு வழக்கறிஞரிடம் வாருங்கள். கட்டணம் கட்ட வழியில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.