துணைப்பாதையா, குறுக்குப்பாதையா?

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. பஸ் ஏறும் பாட்டிமார் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். பெயர் மாறுவது வேறு, வாயில் படிவது வேறு. மருத்துவச் சொல்லுக்கும் இதே கதைதான்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா, மகனின் ஈசிஜி தாளை எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, டாக்டர் இங்கிலீஷ்ல ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொன்னாரு, மிஸ்ஸி, அதான் நர்ஸு, மலாய்ல பெர்டெபார்னு சொல்லுது. தமிழ்ல இது என்னா?”

‘ஏட்ரியம்’ லத்தீன் சொல். ரோமானியர் வீட்டில் வானம் பார்த்த நடுமுற்றத்தின் பெயர் அது. உடம்பைச் சுற்றிவரும் ரத்தம் இதயத்தில் முதலில் வந்து இறங்குகிற அறைக்குப் பொருத்தமான பெயர்தான். முன்பு இதை ‘ஆரிக்கிள்’, அதாவது சிறு காது, என்றார்கள். இலங்கைப் பாடநூல்களின் ‘சோணையறை’ அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான். நமக்கு ‘மேலறை’ போதும்.

‘ஃபிப்ரிலேஷன்’ சிறு இழை என்ற பொருளுள்ள ‘ஃபிப்ரில்லா’விலிருந்து வந்தது. மேலறைத் தசையின் இழைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாகத் துடிக்கும். இதைப் படபடப்பு என்று எழுதுபவர்கள் உண்டு. அது நோயாளி உணர்வது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் படபடப்பு வரும். ‘மேலறை இழைநடுக்கம்’ என்பதே என் தேர்வு. ‘நார்’ வேண்டாம், தசைநார் வேறு பொருள்.

இதுவரை சரி. அக்கா மகனுக்குக் கூடவே இன்னொன்றும் உண்டு: பிறவியிலேயே ‘அக்செசரி பாத்வே’. அகராதிக்காரர்கள் ‘துணைப்பாதை’ என்பார்கள். எனக்கு இதில்தான் வழக்கு. துணை என்றால் ஆதரவு, ராத்திரி வெளியே போகக் கூட வருகிற ஆள். இந்தப் பாதை யாருக்கும் துணை இல்லை.

மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக வழக்கமாக ஒரே வாசல்தான், ஏவி கணு. தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகா (காவலாளி) மாதிரி, அவசரப்பட்டு வருகிற எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. மேலறை 500 முறை நடுங்கினாலும் ஒரு பகுதிதான் கீழே இறங்கும். சிலருக்குக் கருவிலேயே அறைகளுக்கு நடுவே ஒரு தசை இழை விட்டுப்போய்விடுகிறது. அது வேலியில் விழுந்த ஓட்டை. அங்கே ஜாகா கிடையாது. இழைநடுக்கம் வந்தால் துடிப்புகள் அதன் வழியே கொட்டும். கீழறை நிமிடத்துக்கு 250-ஐத் தாண்டி ஓடலாம், கீழறையே நடுங்கத் தொடங்கினால் உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் ஏவி கணுவை அடக்கும் வெராபமில், டிஜாக்சின் போன்ற மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்: கேட்டைச் சாத்தினால் கூட்டம் முழுக்க ஓட்டை வழியே போகும். அதனால்தான் சொல்லில் நான் பிடிவாதம் பிடிக்கிறேன். ‘பிறவிக் குறுக்குப்பாதை’ என்றால் கேட்பவருக்கு விஷயம் பாதி புரிந்துவிடும்.

1930-இல் பாஸ்டனின் வூல்ஃப், வைட் இருவரும் லண்டனின் பார்கின்சனும் சேர்ந்து 11 பேரின் ஈசிஜியை வைத்து இதை எழுதினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளே இந்த நோய்க்கு வைத்த ‘டபிள்யூ.பி.டபிள்யூ.’ என்ற பெயர். ஈசிஜியில் இதன் அடையாளம் டெல்டா அலை: செங்குத்தாக ஏற வேண்டிய கோடு அடியிலேயே சாய்ந்து ஏறும். காட்டினேன். இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அக்கா விரலால் தடவிப் பார்த்து, “வெட்டுக்கோடு மாதிரி சாஞ்சிருக்கே” என்றார்.

பையனுக்கு ஐ.ஜே.என்.-இல் (தேசிய இதய மருத்துவமனையில்) தேதி கொடுத்திருக்கிறார்கள். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயத்துக்குக் கொண்டுபோய் அந்த இழையைச் சுட்டுவிடுவார்கள். ‘அப்லேஷன்’.

“சுடுறதுன்னா பயமா இருக்கு தம்பி. வேற சொல்லு இல்லையா?”

லத்தீனில் அதற்கு ‘எடுத்துச் செல்லுதல்’ என்றுதான் பொருள் என்றேன். ‘அகற்றுதல்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், மடித்து ஈசிஜியோடு வைத்துக்கொண்டார்.