ஞாயிறு பிராட்டா: மெல்லிய இடம் ஏன் கிழிவதில்லை?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு நான்கு நாள் சிங்கப்பூர் வருகிறாராம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, பத்தரை மணி வாக்கில் திருப்தியாகச் சாப்பிட வேண்டும். "அறிவியல் எழுதுகிறவர்தானே, நல்ல கடையைக் கண்டுபிடிக்க அறிவியல் வழி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். கிண்டலா நிஜமா தெரியவில்லை. நிஜம் என்றே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கே கோடை என்று தனியாக எதுவும் கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கும் ஊர் இது. வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. மே மாதத்தில் புழுக்கம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள்களில் சுமத்ரா பக்கமிருந்து விடியலில் காற்றும் மழையுமாக வந்து காலைப்பொழுதைக் கழுவிவிட்டுப் போகும். குடை எடுத்து வாருங்கள்.

இப்படி இரண்டு வேளையைச் சேர்த்துச் சாப்பிடுவதை ஆங்கிலத்தில் பிரஞ்ச் என்கிறார்கள். 1895-ல் கய் பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் இதற்காக வாதாடி ஒரு கட்டுரையே எழுதினார். சனிக்கிழமை இரவு நேரம் கழித்துத் தூங்கியவன் ஞாயிறு காலை சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று. சிங்கப்பூர் ஹோட்டல்களிலும் அந்தப் பெயரில் நீளமான மேசைகள் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நம் ஆட்களுக்கு ஞாயிறு பத்தரை மணி என்றால் பிராட்டா. ஊரில் பரோட்டா, இங்கே பிராட்டா. தேக்கா சந்தை, ஜாலான் காயு, அப்பர் தாம்சன் சாலை என்று ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். இந்த ஊரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு வரிசைகள் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தபோது ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். பெயரை எழுதமாட்டேன், எனக்கே இடம் கிடைக்காமல் போய்விடும். டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசைக்குப் போனோம். அக்கா மகனுக்குப் பதினொரு வயது. கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஓர் உருண்டையை உள்ளங்கையால் அழுத்தி, ஓரத்தைப் பிடித்து நாலு வீசு வீசினார். மாவு மேசை நிறையப் பரந்தது. அடியில் இருந்த மேசையின் கீறல்கள்கூட மாவு வழியாகத் தெரிந்தன.

"மாமா, நடுவுல அவ்வளவு மெல்லிசா இருக்கே. அங்க ஏன் கிழியல?"

இதைவிட நல்ல கேள்வியை நான் பல கருத்தரங்குகளில் கேட்டதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உருண்டை 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு ஏறக்குறைய 65 கன சென்டிமீட்டர். அதை 60 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் என்று விரித்தால் கனம் 0.2 மில்லிமீட்டர் சொச்சம். இரண்டு காகிதத்தை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த அளவு.

நியாயப்படி அது கிழிய வேண்டும். எதையும் இழுத்தால் எங்கோ ஓரிடம் கொஞ்சம் கூடுதலாக மெலியும். மெலிந்த இடம் பலவீனமானது, அதனால் அடுத்த இழுவையும் அங்கேதான் விழும். இன்னும் மெலியும், அப்புறம் அறும். பிள்ளைகளின் வண்ணக் களிமண்ணை இழுத்தால் இதுதான் நடக்கிறது. கொழுக்கட்டை மாவை இழுத்தால் அந்தளவுக்குக்கூட வராது. மைதா மட்டும் இந்த விதிக்கு அடங்குவதில்லை.

காரணம் குளூட்டன் என்று பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு வலை. குளூட்டனின் இழுத்தால் திரும்பும். கிளையடின் வழுக்கி ஓடவிடும். இத்தாலிக்காரர் பெக்காரி மாவைத் தண்ணீரில் கழுவி இந்த ரப்பரைத் தனியாகப் பிரித்ததைப் பற்றிய கட்டுரை 1745-ல் அச்சானது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கழுவக் கழுவ வெள்ளைத் தண்ணீராக மாவுச்சத்து போய்விடும், கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு மிஞ்சும். இங்குள்ள சீன சைவக் கடைகளில் இறைச்சிக்குப் பதிலாகப் போடுகிறார்களே, அதில் ஒரு வகை இதேதான்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். குளூட்டனின் நீளமான சங்கிலி. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் சில இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளால், அதாவது சுலபமாக விட்டுப் பிடிக்கும் மெல்லிய ஒட்டுகளால், ஒட்டிக்கொண்டு இணையாகப் படுத்திருக்கும். சில இடங்களில் நடுவே தண்ணீர் புகுந்து வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டிருக்கும். 1999-ல் உணவு அறிவியலாளர் பீட்டர் பெல்ட்டன் வரைந்து காட்டிய படம் இது. மாவை இழுத்தால் முதலில் இந்த வளையங்கள் நிமிரும். அது சுலபம், கைக்கு எதிர்ப்பே தெரியாது. வளையங்கள் எல்லாம் நிமிர்ந்தபின் இன்னும் இழுத்தால் ஒட்டிய பகுதிகளைப் பிய்த்துச் சறுக்க வேண்டும். அதற்கு அதிக பலம் தேவை. ஆக, கூடுதலாக இழுபட்ட இடம் கூடுதலாக இறுகிவிடுகிறது.

இப்போது அந்த விரிப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். நடுவில் ஓரிடம் மெலிகிறது. மெலிந்த உடனே அது முரண்டு பிடிக்கிறது. அடுத்த வீச்சின் இழுவைக்கு அந்த இடம் மசியவில்லை. பக்கத்தில் இன்னும் வளையம் வளையமாக, சோம்பேறியாகக் கிடக்கும் தடித்த பகுதிதான் மசிகிறது. அது மெலிந்து இறுகியதும் வேலை இன்னொரு தடித்த இடத்துக்குப் போகிறது. எங்கே மெலிந்தது என்று மாஸ்டர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதில்லை. மாவே பார்த்துக்கொள்கிறது! கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் இலையை மூடிவிட்டால் பரிமாறுகிறவர் தானாகப் பக்கத்து இலைக்கு நகர்வாரே, அப்படி. வேகமும் முக்கியம். மெதுவாக இழுத்தால் ஒட்டிய இடங்கள் நிதானமாகச் சறுக்கித் தளர்ந்துவிடும், இறுக்கம் வராது. அதனால்தான் வீச்சு.

அப்படியென்றால் எந்த மைதாவும் விரிய வேண்டுமே? 2020-ல் கொரோனாவுக்காக இங்கே அறிவித்த கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாதபோது நானும் வீட்டில் முயன்றேன். பிசைந்து பத்து நிமிடம் காத்திருந்து வீசினேன். இழுத்தால் சுருங்கியது. கோபத்தில் இன்னும் இழுத்தேன், கிழிந்தது. பிசைந்த கையோடு எல்லா வளையங்களும் ஏற்கெனவே நிமிர்ந்து முறுக்கேறி நிற்கும். முதல் வீச்சுக்கே முரண்டு. மாவை எண்ணெயில் ஊறவிட்டால் அந்த முறுக்கு இறங்கும். காலை எட்டு மணி ரயிலில் கதவு மூடிய கணத்தில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறோம். அடுத்த நிலையத்துக்குள் ஆளாளுக்குக் காலை மாற்றி வைத்து, பையை நகர்த்தி, நெருக்கம் அப்படியே இருந்தாலும் அழுத்தம் போய்விடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்புகளும் விட்டு விட்டு வேறிடத்தில் பிடித்துக்கொள்கின்றன. வலை அப்படியே இருக்கிறது, முறுக்கு மட்டும் இல்லை. ஊறிய மாவு ஆரம்பத்தில் இணங்கும், மெலிந்தபின் இறுகும். மேலே பூசிய எண்ணெய் தோல் காயாமல் காக்கிறது.

வாசகர் கேட்ட அறிவியல் வழி இதுதான். கல்லாவைப் பார்க்காதீர்கள், நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். மாவுத் தட்டைப் பாருங்கள். உருண்டைகள் கோலிக்குண்டு மாதிரி நிமிர்ந்து நின்றால் புதுசு, இன்னும் முறுக்கு இறங்கவில்லை. தளர்ந்து, தட்டையாகி, பக்கத்து உருண்டை மேல் சாய்ந்து கிடந்தால் ஊறியது. மாஸ்டர் உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்ததும் மாவு விரிந்தபடியே இருக்கிறதா, உள்ளே சுருங்குகிறதா என்றும் கவனியுங்கள். நீண்ட வரிசை நல்ல அடையாளம் என்று நினைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஊறிய தட்டுகளைக் காலி செய்துவிட்டால், அவசரத்துக்கு ஊறாத மாவில் கை வைக்கிற கடைகளும் உண்டு. பதினொன்றரைக்குப் போய் ரப்பரைக் கடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

கல்லில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மடித்த அடுக்குகளுக்கு நடுவே நெய்யோ மார்ஜரினோ இருப்பதால் அவை ஒட்டாது. மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகி அடுக்குகளைத் தூக்கும். 140 டிகிரியைத் தாண்டிய இடங்களில் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறம் மாறும் மயலார்ட் வினை நடந்து பழுப்புப் புள்ளிகளும் அந்த வாசனையும் வரும். எடுத்தவுடன் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுவது அழகுக்காக இல்லை. உள்ளே மாட்டிய ஆவியை வெளியேற்றி, அடுக்குகள் நமுத்துப்போகாமல் பிரித்துவிடத்தான்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அண்ணன், "மைதாவுல அலாக்சான் கலக்குறாங்க, சுகர் வந்துரும்" என்று பையனுக்கு அறிவுரை சொன்னார். வாட்ஸாப்பில் ஓயாமல் சுற்றும் செய்தி. அலாக்சான், ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு நீரிழிவை வரவழைக்கப் பயன்படும் பொருள் என்பது உண்மை. மாவை வெளுக்க அதைக் கலக்கிறார்கள் என்பது கட்டுக்கதை. நார்ச்சத்து நீக்கிய மாவும் நெய்யும் சேர்ந்த பண்டம் தினமும் தின்னத் தக்கதல்ல என்று சொல்ல எந்த நஞ்சும் தேவையில்லை. 2016-லிருந்து இந்த நாடு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்திருக்கிறது. அந்தப் போரில் பொய்ச் செய்தி நம் பக்கத்து ஆயுதமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இரண்டு கோசோங், அதாவது உள்ளே எதுவும் வைக்காத வெறும் பிராட்டா, வாங்கிக்கொண்டே அந்த அண்ணன் இதைச் சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இன்னொரு ஆதங்கம். மாவு இழுபட இழுபட இறுகும் குணத்தை அளந்தவர்கள், பெரும்பாலும் அடுப்பில் ரொட்டிக்குள் ஊதும் குமிழ்கள் ஏன் வெடிப்பதில்லை என்று அறியவே அளந்தார்கள். ரொட்டித் தொழிலில் பணம் இருந்தது, ஆய்வும் நடந்தது. ஒரு பிராட்டா மாஸ்டரின் மணிக்கட்டுக்கு எதிரே அதிவேகமாகப் படமெடுக்கும் கேமரா ஒன்றை வைக்க ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் சின்னதாக ஒரு நிதி ஒதுக்கினால், வரிசையில் நின்று உருண்டை வாங்கித்தரும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்யத் தயார்.

சரி, அன்றைக்கு என்ன ஆனது? பையன் கோசோங் ஒன்று, முட்டை ஒன்று என்று முடித்துவிட்டு மூன்றாவது கேட்டான். நான் தே தாரிக்கை, அதாவது ஆற்றிய பால் தேநீரை, வைத்துவிட்டு அவனோடு எழுந்து போனேன். மணி பதினொன்றே முக்கால். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எண்ணெய்த் தட்டு காலி. மாஸ்டர் கல்லைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சு தம்பி. ஒன்றரைக்கு மேல வாங்க."

முன்னால் நின்ற ஒருவர் விடவில்லை. "பின்னாடி ஒரு தட்டு நிறைய மாவு வச்சிருக்கீங்களே?"

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் பையன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எல்லாம் நிமிந்து நிக்குது மாமா."