பிக்காசு முனைக்குத் தோய்ச்சல்: பல்லாரட் தங்க வயலில் கொல்லர் வேலை

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1851-இல் தங்கம் கிடைத்ததும் பல்லாரட்டிலும் பெண்டிகோவிலும் கூட்டம் குவிந்தது. ஓடைக்கரை மண்ணைக் கிளறிய வரை பிக்காசு எளிதில் மழுங்கவில்லை. பல்லாரட்டில் பழைய ஆற்றுப் படுகைகள் எரிமலைப் பாறைக்கு அடியில் புதைந்து கிடந்தன. அவற்றை எட்ட 30, 40 மீட்டர் குழி இறக்க வேண்டியிருந்தது. பெண்டிகோவிலோ தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. வெறும் இரும்பு அதன்முன் நிற்காது. ஒரு நாளில் குழி எவ்வளவு இறங்கும் என்பதைப் பெரும்பாலும் பிக்காசின் கடைசி மூன்று விரற்கடை நீளமே தீர்மானித்தது. அதைப் பதப்படுத்தித் தந்தவர் கொல்லர்.

அன்றைய பிக்காசின் உடல் தேனிரும்பு. அது வளையும், எளிதில் உடையாது. ஆனால் கரிமம் மிகக் குறைவு என்பதால் எப்படிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினமாகாது. எஃகு கடினமாகும், ஆனால் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த விலை உயர்ந்த சரக்கு. ஆகவே முனைக்கு மட்டும் எஃகு வைத்தார்கள். பிக்காசின் நுனியைக் காய்ச்சிப் பிளந்து, ஆப்பு வடிவ எஃகுத் துண்டை உள்ளே செருகி, வெள்ளைச் சூட்டில் சம்மட்டியால் அடித்து ஒட்டுவார்கள். சூட்டில் இரும்பின் மேல் படியும் ஆக்சைடு செதில் ஒட்டவிடாது. அதனால் வெண்காரமோ சுத்தமான மணலோ தூவுவார்கள். செதில் அதோடு சேர்ந்து உருகி, அடிக்கும்போது வெளியே தெறித்துவிடும்.

சிக்கல் சூட்டில்தான். தேனிரும்பு நன்றாக ஒட்ட ஏறக்குறைய 1300 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் எஃகு கெட்டுவிடும்: பொறி பூவாய்ச் சிதறும், உள்ளே மணி மணியாகப் பிரிந்து நொறுங்கும். அப்படி எரிந்த எஃகை மீட்க வழியில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். ஆகவே தேனிரும்பை உலையின் நடுச்சூட்டிலும் எஃகைச் சற்றே ஓரத்திலும் வைத்துத் துருத்தியை நிதானமாக ஊதவேண்டும். கரியும் முக்கியம். நிலக்கரியில் கந்தகம் இருந்தால் இரும்பு சிவந்த சூட்டிலேயே விரிசல் விடும். புகை அடங்கிக் கங்கானபின் வேலையை வைப்பதே சரி. பெண்டிகோவைச் சுற்றியிருந்த யூகலிப்டஸ் காடுகளில் சுட்ட மரக்கரியில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். 1862-இல் இரண்டு ஊர்களுக்கும் ரயில் வரும் வரை இரும்பும் நிலக்கரியும் வண்டிகளில்தான் வந்தன.

ஒட்டுப்போடும் வேலை எப்போதாவதுதான் வரும். மழுங்கிய முனையை ஆரஞ்சுச் சூட்டில் நீட்டி அடித்துக் கூராக்குவதும், பிறகு தோய்ப்பதும்தான் அன்றாடப் பிழைப்பு. கடைசி 8 சென்டிமீட்டரைச் செர்ரிப் பழச் சிவப்புக்கு, ஏறக்குறைய 750 முதல் 800 டிகிரி வரை, காய்ச்சி, நுனியில் 3 சென்டிமீட்டர் மட்டும் தண்ணீரில் இறக்குவார்கள். இறக்கி அப்படியே பிடிக்கக் கூடாது. மேலும் கீழும் அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் சூடும் குளிரும் ஒரே கோட்டில் சந்தித்து அந்த இடத்தில் வெடிப்பு விழும். தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் வெடிக்கும். அதனால் காலையில் முதல் வேலைக்குமுன் காய்ந்த இரும்புத் துண்டு ஒன்றைத் தொட்டியில் முக்கிக் குளிரை எடுப்பார்கள்.

இப்போது நுனி கடினம்தான், ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். உடனே அதைச் செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பின்பகுதியில் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி நகரும். கூடவே நிறங்களும் நகரும். 230 டிகிரியில் வெளிறிய வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, 280-ஐ ஒட்டி ஊதா, 300-இல் நீலம். இது சாயமல்ல. எஃகின் மேல் வளரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறம்; படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். கொல்லருக்கு அதுதான் வெப்பமானி. வேண்டிய நிறம் நுனியை எட்டிய நொடியில் முழுவதையும் தண்ணீரில் போட வேண்டும், தாமதித்தால் பதம் கடந்துவிடும்.

பட்டறையை அரையிருட்டாக வைத்ததற்கும் காரணம் உண்டு. வெயில் வெளிச்சத்தில் சிவப்புச் சூடு மங்கித் தெரியும்; கொல்லர் போதாது என்று எண்ணி அளவுக்கு மீறிக் காய்ச்சிவிடுவார். எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்து, முதல் நாளிலேயே முனை உடையும்.

திரும்பி வரும் பிக்காசைப் பார்த்தாலே தவறு எங்கே என்று தெரியும். முனை வளைந்திருந்தால் சிவப்பு போதாமல் தோய்த்தது, அல்லது நீலத்தைத் தாண்டவிட்டது. துண்டாக உடைந்து, முறிவு பெருமணியாக மின்னினால் அதிகம் காய்ச்சியது. நுண்மணியான சாம்பல் நிற முறிவென்றால் சூடு சரி, நிறம் வர விடாமல் அவசரப்பட்டது. எல்லாம் சரியாகச் செய்தும் நுனி மென்மையாக இருந்தால், பலமுறை உலையேறி மேற்பரப்பின் கரிமம் எரிந்துபோயிருக்கும், அல்லது அடித்து அடித்து எஃகே தேய்ந்து தேனிரும்பு வெளிவந்திருக்கும். அரத்தால் உரசினால் போதும்: வழுக்கினால் எஃகு, கடித்தால் மறுபடி ஒட்டுப்போட வேண்டியதுதான்.

1854 டிசம்பர் 3-ஆம் தேதி பல்லாரட்டில் தங்கம் தோண்டியவர்கள் எழுப்பிய யுரேகா அரண் அரசுப் படையால் தாக்கப்படுவதற்கு முன், தங்கம் தோண்டும் உரிமத்துக்கான கட்டணத்தை எதிர்த்த அந்தத் தொழிலாளர்களுக்கு ஈட்டிமுனைகள் அடித்துக் கொடுத்ததும் இதே மாதிரி உலைதான்.

ஆழச் சுரங்கங்கள் பெருகியபின் நிறுவனங்கள் சுரங்க வாயிலிலேயே சொந்தப் பட்டறை வைத்தன. வெடிமருந்துக் குழி துளைக்கும் உளிகள் கட்டுக் கட்டாக மேலே வந்தன. ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். பாறையை நெம்பும் பிக்காசு வளைவைத் தாங்கவேண்டும், அதனால் அதற்கு ஊதாவும் நீலமும். நேர் அடி மட்டுமே வாங்கும் உளிக்கு வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தலாம். உளிவாயின் அகலத்தையும் கொல்லர் வரிசைப்படுத்தித் தரவேண்டும்: குழி ஆழமாக ஆக நீளமான உளி, முந்தையதைவிடச் சற்றே குறுகலான வாய். அந்த வரிசை தவறினால் அடுத்த உளி பாதியிலேயே சிக்கிக்கொள்ளும், துளையைக் கைவிட்டு வேறிடத்தில் முதலிலிருந்து தொடங்க நேரும்.