தோல் கயாக் கட்டப் போகிறீர்களா? முதலில் விலாவைப் பாருங்கள்

துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகுதான் கயாக். டொராண்டோ பக்கம் ஒரு தச்சுப் பட்டறையில், மரச் சட்டத்தின் மேல் தோலுக்குப் பதில் துணி போர்த்தி அதைக் கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "மேலே போர்த்த எந்தத் துணி வாங்கலாம்?" துணியைப் பிறகு பார்க்கலாம். வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் விலாச் சட்டம்தான், அதாவது படகின் குறுக்கே விலா எலும்பு போல வளைந்து நிற்கும் மரத்துண்டுகள்.

மரம் அரிதான கிரீன்லாந்தில் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் கடலில் ஒதுங்கிய மரத்தைச் செதுக்கி, சீல் தோலைப் போர்த்திக் கயாக் கட்டினார்கள். இணைப்பெல்லாம் மரமுளையும் கயிற்றுக்கட்டும். நம் கட்டுமரம் போல அலைக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இணைப்பில் திருகாணியை முறுக்கினால் துளையில்தான் முதல் விரிசல் விழும்.

என் முதல் கயாக்குக்குக் கடையில் பளபளவென்று இருந்த ஓக் பலகையை வாங்கினேன். சூளையில் காயவைத்தது. ஊறவைத்தேன், ஆவி காட்டினேன். மதியத்துக்குள் பதினோரு விலா டப் டப்பென்று முறிந்தது. சூளையில் அப்படிக் காய்ந்த மரம் பழையபடி வளையாது. மர அறுவை ஆலைக்கே போய், வெட்டி அதிக நாள் ஆகாத, ஈரம் காயாத வெள்ளை ஓக் கேளுங்கள். ஆஷ் மரமும் நன்றாக வளையும். வாங்கும்போது பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள்: ரேகை ஒரு முனையில் தொடங்கி மறு முனைவரை ஓடவேண்டும். நடுவழியில் விளிம்பைத் தாண்டி வெளியேறினால், அந்த இடத்தில்தான் முறியும். 6 மி.மீ. கனத்துக்குப் பத்து நிமிட ஆவி போதும். எடுத்ததும் வளைத்துவிட வேண்டும்; கையுறையைத் தேடிக்கொண்டு நின்றால் ஆறிவிடும்.

நீளச் சட்டங்களுக்குக் கணு இல்லாத சிவப்பு சிடாரோ ஸ்ப்ரூஸோ போதும்.

சரி, துணி. நைலான் பாறையில் உரசினாலும் தாங்கும், ஆனால் நனைந்தால் தொய்யும். பாலியஸ்டரை இஸ்திரிப்பெட்டி காட்டி இறுக்கலாம், தொய்வும் குறைவு. பருத்தி கேன்வாஸ் மலிவு. ஈரத்தோடு வைத்தால் மக்கிவிடும். கரையெல்லாம் கல்லாக இருப்பதால் என் ஓட்டு நைலானுக்கு.

துணியில் தண்ணீர் புகாமல் இருக்க மேலே பூசும் பூச்சில்தான் எனக்குக் கவலை. இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும்; ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், அப்புறம் துளியூண்டு ஆவியும் மூச்சை முட்டவைக்கும். தூசிக்குப் போடும் துணி முகமூடி இதற்கு உதவாது. ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி, கையுறை, திறந்த வெளி மூன்றும் வேண்டும். பிரஷ் மட்டும்; வீட்டில் ஸ்பிரே கூடவே கூடாது.

சட்டத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த கந்தைத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் வாங்க மறப்பது: காற்றுப் பை. இந்தக் கயாக்கின் உள்ளே தடுப்பறை எதுவும் இல்லை. கவிழ்ந்தால் முனையிலிருந்து முனைவரை தண்ணீர் நிறையும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று ஊதிக் கட்டிய பிறகு தண்ணீரில் இறக்குங்கள்.